உயிரோட்டத்துக்கு இருபது மார்க்

இந்தக் கவர் மட்டும் என் மடியிலயே இருக்கட்டுங்க. மேல வெச்சா மடங்கிப் போயிரும். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க, எனக்கு எடம் போதும். திருச்செந்தூரா? கோயிலுக்கா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன். முள்ளக்காடு. தூத்துக்குடி தாண்டிக் கொஞ்ச நேரத்துல வந்துருமாம். கண்டக்டர்கிட்ட ரெண்டு தடவ சொல்லியாச்சு. இன்னொருக்கா சொன்னா கோவிச்சுக்குவார்.

சொந்த ஊரெல்லாம் இல்லீங்க. நான் கரூர். யூனிவர்சிட்டில காமர்ஸ் எடுக்கறேன், பதினேழு வருஷ சர்வீஸ். எந்த யூனிவர்சிட்டின்னு மட்டும் கேக்காதீங்க. என்கொயரி நடந்துட்டிருக்கு, வெளில பேசக் கூடாதுன்னு மெமோவுலயே போட்டிருக்காங்க. பேர் சொல்லாம பேசினா பேசினதா ஆகாதில்லையா? யார்கிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு ஆறும். வீட்டுக்காரர்கிட்ட ஆரம்பிச்சா, இதையே எத்தன தடவ சொல்லுவேன்னு டிவி சத்தத்தக் கூட்டி வெச்சுக்கறார்.

புல்லுக்காகங்க. ஒரு வட்டம் புல்லு பட்டுப் போச்சுன்னு எனக்கு மெமோ. பதினேழு வருஷத்துல ஒரு நாள் லேட்டாப் போனவ இல்ல நான்.

எங்க யூனிவர்சிட்டில வருஷா வருஷம் மார்ச் மாசம் மண்டலத் திருவிழான்னு ஒண்ணு நடக்கும். கொங்கு, பாண்டி, சோழ மண்டலம், தொண்டை மண்டலம்னு பிரிச்சு, டிபார்ட்மென்டுக்கு ஒரு ஊரு. அந்த ஊர்த் தொழில், சாப்பாடு, ஆட்டபாட்டம் எல்லாத்தையும் ஒரு ஸ்டாலுக்குள்ள காட்டணும். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் ஊர எடுப்போம். நான் கரூர் வரணும்னு வேண்டிக்கிட்டே கைய விட்டேன். கரூர்னா எங்க அண்ணன் கம்பெனியிலருந்து நாலு பெட்ஷீட், ரெண்டு ஸ்கிரீன் கொண்டாந்து தொங்கவிட்டா முடிஞ்சது. எனக்கு வந்தது தூத்துக்குடி. கரூர் பாட்டனிக்குப் போச்சு. பாட்டனிக்காரங்களுக்கு என்னங்க தெரியும் கரூரப் பத்தி.

தூத்துக்குடின்னா உப்புதான்னு நான் முடிவு பண்ணேன். பசங்க முத்துன்னாங்க, துறைமுகம்னாங்க. முத்துக்கு எங்க போறது, கப்பல எப்படிக் கொண்டாறது. மார்க் எப்படிப் போடுவாங்கன்னு முன்னாடியே தாள் குடுத்துருவாங்க. அலங்காரத்துக்கு இருபது, தகவலுக்கு இருபது, சாப்பாட்டுக்கு இருபது, கலைக்கு இருபது, உயிரோட்டத்துக்கு இருபது. இந்த உயிரோட்டத்துலதான் எல்லாரும் கோட்ட விடுவாங்க. உயிரோட்டம்னா தொழில் கண்ணு முன்னாடி நடக்கணும். போன வருஷம் நாமக்கல் எடுத்தவங்க நெசக் கோழியே கொண்டாந்து கூண்டுல வெச்சாங்க. நாள் முழுக்க ஒரு முட்டை போடல. அஞ்சு மார்க்குதான் கெடச்சுது.

என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, சந்தனமாரின்னு பேரு. எம்.காம் கடைசி வருஷம். முள்ளக்காடுதான். அப்பா இல்ல. நல்லாப் படிப்பா, ஆனா வாயத் தொறக்க மாட்டா. அட்மிஷன் பாரத்துல அம்மா என்ன பண்றாங்கங்கற எடத்துல உப்பளத்துல வேலைன்னு எழுதியிருந்தா. நான்தான் கிளாஸ் அட்வைசர், அந்த பாரமெல்லாம் என் பீரோவுலதான இருக்கு. எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. கூப்பிட்டு, "ஏம்மா, உங்கம்மாவ வரச் சொல்லி ஸ்டால்ல உப்பு வாரிக் காட்டச் சொல்லலாமா"ன்னு கேட்டேன். அவ, "மாடல் செஞ்சிருவோம் மேடம், தெர்மாகோல்ல. அம்மாவுக்கு முடியாது மேடம்"னா. அவ்வளவுதான் சொன்னா. முடியாதுன்னா என்னங்க அர்த்தம்? கூச்சம். அம்மா உப்பளத்துல வேல பாக்கறாங்கன்னு நாலு பேர் முன்னாடி சொல்ல வெக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அதான் வியாதி. அத ஒடைக்கணும்னு நெனச்சேன். ஆசிரியர்னா பாடம் மட்டுமா நடத்தறது?

அதனால பாரத்துல இருந்த நம்பருக்கு நானே போன் போட்டேன். அவகிட்ட சொல்லல. சர்ப்ரைஸா இருக்கட்டும்னு. அந்தம்மா பேரு பேச்சித்தாய். போன்ல என்ன மரியாதைங்கறீங்க, வார்த்தைக்கு வார்த்தை டீச்சர், டீச்சர்னு. "பிள்ளைக்கு மார்க்கு கெடைக்குமா டீச்சர்"னு கேட்டாங்க. நான் கெடைக்கும்னு சொல்லலீங்க. இல்லைன்னும் சொல்லல. டிபார்ட்மென்டுக்கு நல்ல பேர் கெடைக்கும், பிள்ளைக்கும் நல்லதுதானன்னு பொதுவாச் சொன்னேன். "அப்பம் வாரேன் டீச்சர், எத்தன மணிக்கு வரணும்"னுட்டாங்க.

எட்டையபுரமா வந்துருச்சு? இல்ல, பந்தல்குடிதானா. தண்ணி குடிக்கறீங்களா?

விழா அன்னிக்குக் காலைல ஏழரைக்கே வந்து கேட் வாசல்ல உக்காந்திருக்காங்க. எனக்குன்னு கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம். ஒரு வாரம் வெச்சுச் சாப்பிட்டோம், என் பையன் இன்னும் கேக்கறான். அவங்க கையில ஒரு கட்டப்பை. அதுக்குள்ள என்னன்னு பாத்தா ரப்பர் பூட்ஸ். கழுவித் தொடச்சு, உள்ள பேப்பர் திணிச்சுக் கொண்டாந்திருக்காங்க. கல்யாண வீட்டுக்குப் பட்டுப் பொடவை கொண்டு வர்ற மாதிரி.

அட்மின் பில்டிங் முன்னாடி இருக்கற புல்தரையிலதான் எங்க ஸ்டால். தார்ப்பாய் விரிச்சு, சுத்தி வரப்பு கட்டி, பன்னெண்டு மூட்ட உப்பக் கொட்டித் தண்ணி விட்டு, சின்னதா ஒரு உப்புப் பாத்தியே பண்ணிட்டோம். வெள்ளவெளேர்னு பாக்கவே கண்ணு கூசுச்சு. அந்தம்மா பூட்ஸ மாட்டிக்கிட்டு, உப்பு வாரற பலகைய எடுத்துட்டு வந்து நின்னாங்க பாருங்க, எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. முனிசிபாலிட்டி சாக்கடை அள்ளற மாதிரி இருக்கு. ஜட்ஜுங்க எல்லாம் வெளியூர்லருந்து வர்றவங்க. அவங்க மனசுல உப்பளம்னா ஒரு படம் இருக்கும்ல? வெறுங்கால், கொசுவிச் செருகின சேலை, தலையில துண்டு. "பூட்ஸக் கழட்டிருங்கம்மா, இயற்கையா இருக்கட்டும்"னு சொன்னேன். அந்தம்மா என்னமோ சொன்னாங்க. மைக் டெஸ்டிங் பண்ணிட்டிருந்தான், சரியாக் காதுல விழல. கால் ஒத்துக்கிடாதுன்னோ என்னவோ. நான் சிரிச்சுக்கிட்டே, "ஒரு நாள்தானம்மா"ன்னேன். கழட்டி வெச்சுட்டாங்க. நான் கட்டாயப்படுத்தல. சொன்னேன், கழட்டினாங்க. அவ்வளவுதான்.

பக்கத்து ஸ்டால் ஆம்பூர். இங்கிலீஷ் டிபார்ட்மென்ட். வரிசையா தோல் செருப்பும் ஷூவுமா அடுக்கி வெச்சிருந்தாங்க. அந்தம்மா வாரறத நிறுத்தி நிறுத்தி அந்தப் பக்கம் பாத்துட்டே இருந்தாங்க. பொம்பளைங்களுக்கே உள்ள ஆசைதானன்னு நெனச்சுக்கிட்டேன்.

சந்தனமாரி ஒம்பதரைக்கு வந்தா. சார்ட்டு முன்னாடி நின்னு விளக்கம் சொல்றது அவ வேல. நாங்க அந்தம்மாவ மறைச்சு நின்னுட்டு, அவ சொல்ல ஆரம்பிச்சதும் வெலகினோம். பசங்க எல்லாம் போனத் தயாரா வெச்சுட்டிருந்தாங்க, அவ மொகத்த வீடியோ எடுக்க. அம்மாவப் பாத்தா. கீழ காலப் பாத்தா. அப்பறம் என்னப் பாத்தா. ஆனாப் பேச்ச நிறுத்தல பாருங்க. இத்தன ஏக்கர், இத்தன டன், வெய்யிலோட அளவு என்ன, உப்போட தரம் என்னன்னு ஒரு எண்ணுகூடத் தப்பாம சொல்லி முடிச்சா. சொல்லி முடிச்சுட்டுக் குச்சியக் கீழ வெச்சு, செருப்பக் கழட்டிட்டுப் பாத்திக்குள்ள எறங்கினா. அம்மா கையிலருந்து பலகைய வாங்கி வார ஆரம்பிச்சா.

யாரும் கைதட்டாம இல்லீங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. பாத்தீங்களா, ஒரே நாள்ல வெக்கம் ஒடஞ்சுதுன்னு பக்கத்துல இருந்த மேத்ஸ் மேடத்துகிட்டச் சொன்னேன். அவங்க மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. அவங்க ஸ்டால் சேலம், கூட்டமே இல்ல.

நடுவுல ரெண்டு தடவ வந்து, "அம்மாவ உக்கார வெச்சுக்கட்டுமா மேடம், நான் வாருறேன்"னு கேட்டா. நியாயம்தான். ஆனா ஜட்ஜுங்க, இவங்க ரெண்டு பேரும் சேந்து நிக்கறதத்தான் கேக்கறாங்க. அம்மாவும் மகளும், ஒரு பக்கம் உழைப்பு, ஒரு பக்கம் படிப்புன்னு. வி.சி. சார் மூணு மணிக்கு வர்றதாச் சொன்னாங்க, வரும்போது நாலே கால். அதுவரைக்கும் எப்படிங்க உக்கார வெக்கறது? திடீர்னு வந்துட்டார்னா? மத்தியானம் பொட்டலம் குடுத்தேன், நின்னுட்டே சாப்பிட்டாங்க. நான் மட்டும் உக்காந்தா சாப்பிட்டேன்? நானுந்தான் நின்னேன்.

உயிரோட்டத்துக்கு இருபதுக்கு இருபது. பர்ஸ்ட் பிரைஸ் நாங்கதான். வி.சி. சாரே அந்தம்மாவுக்குப் பொன்னாடை போத்தினார். விருந்தினர் நோட்டுல கையெழுத்து வாங்கணும், அவங்க எழுத மாட்டாங்க, கட்டைவிரல மையில தோச்சு வெச்சாங்க. "அம்மாவ பஸ் ஏத்திட்டு வாரேன் மேடம்"னு சொல்லிட்டுப் போனா சந்தனமாரி. அந்தம்மா கட்டப்பையத் தோள்ல மாட்டிட்டு மக தோளப் புடிச்சுட்டு நடந்தாங்க. பூட்ஸப் போட்டுக்கல. கால் உள்ள நொழையலையாம், வீங்கியிருந்துச்சாம். அத நான் பாக்கலீங்க, கூட இருந்த பையன் அப்பறமாச் சொன்னான். பஸ் ஏத்தப் போனவதான், திரும்பி வரல. பொட்டி படுக்கை எல்லாம் ஹாஸ்டல்லயே கெடக்கு.

ரெண்டு நாள் கழிச்சு மழை பேஞ்சுது. தார்ப்பாய்ல எங்கயோ கிழிசல் இருந்திருக்கு, அந்தப் பசங்க பாக்கல. உப்பு எறங்கி, ஸ்டால் போட்ட எடம் பூரா வட்டமாப் புல்லு கருகிருச்சு. மொத மொத வந்தது அந்த மெமோதான். யூனிவர்சிட்டிச் சொத்துக்குச் சேதம்னு. தோட்டக்காரர் புதுப் புல்லுப் பதிச்சுப் பாத்தார், அதுவும் போச்சு. மண்ணுக்குள்ள எறங்கின உப்பு அவ்வளவு சுலபமா வெளிய வராது மேடம்ங்கறார். என் ரூம் ஜன்னல்லருந்து பாத்தா நேரா அதுதான் தெரியுது. திரைய இழுத்து விட்டுட்டேன்.

அப்பறம் ஒரு பையன், எவன்னு தெரியல, அந்தம்மா காலப் போட்டோ எடுத்து நெட்ல போட்டுட்டான். பாதம் பூராப் பாளம் பாளமா வெடிப்பு, அதுல உப்பு அடஞ்சு கெடக்கு. கீழ ஆளாளுக்கு எழுதறாங்க. யாரோ கல்வி ஆராய்ச்சிக்காரங்களாம், மனு குடுத்துட்டாங்க, ஏழைத் தாயக் காட்சிப் பொருளா வெச்சாங்கன்னு. நானாங்க? பொன்னாடை போத்தினது நாங்க. என்கொயரி கமிட்டி போட்டாச்சு. ஜூன்ல எனக்கு அசோசியேட் புரொபசர் இன்டர்வியூ. இது தெரிஞ்சு பண்ணினதுன்னு நான் சந்தேகப்படறேன். பாட்டனியிலயும் ஒருத்தங்க அதே இன்டர்வியூவுக்கு நிக்கறாங்க.

கமிட்டில கேட்டாங்க, அந்தம்மா விருப்பப்பட்டுத்தான் வந்தாங்கங்கறதுக்கு என்ன ஆதாரம்னு. விருந்தினர் நோட்டக் காட்டினேன். அதுல ஒருத்தர் கண்ணாடியத் தூக்கிப் பாத்துட்டு, "இது ரேகையா, மை கொட்டினதா"ன்னு கேக்கறார். உண்மைதாங்க. வெறும் நீல உருண்டை. ஒரு கோடு இல்ல. உப்புலயே கெடந்து ரேகையெல்லாம் தேஞ்சு போயிருமாம். ரேசன் கடை மெஷின்லகூட அவங்க விரல் ஏறாதாம். எனக்கு எப்படிங்க தெரியும் அதெல்லாம்?

அதனாலதான் இன்னிக்கு நானே போறேன். சனிக்கெழம, எனக்கு லீவு, என் சொந்தக் காசுல. திங்கக்கெழம காலைல பத்து மணிக்கு நான் கமிட்டில அந்தம்மா ரேகை வெச்ச லெட்டர் குடுக்கணும். அதே திங்கக்கெழம பத்து மணிக்குத்தான் சந்தனமாரிக்குக் கடைசி செமஸ்டர் மொதப் பரிட்சை. இந்தக் கவர்ல இருக்கறது ரெண்டும்தான். ஒண்ணு லெட்டர். இன்னொண்ணு அவ ஹால் டிக்கெட்.

அவளுக்கு அட்டன்டன்ஸ் பத்தல. ஹால் டிக்கெட்டே வந்திருக்காது. குடும்பச் சூழ்நிலைன்னு நான் எழுதிக் குடுத்து, சீல் போட்டு வாங்கினேன். இது இல்லாம உள்ள விட மாட்டாங்க. படமெடுத்து அனுப்பினா ஆகாது, ஒரிஜினல்தான் வேணும். இந்தப் பரிட்சை போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் போனா இந்தப் பிள்ளைங்க திரும்பி வராதுங்க, நான் எத்தன பேரப் பாத்திருக்கேன்.

வியாழக்கெழம போன் பண்ணேன். அவதான் எடுத்தா. அம்மா பெரியாஸ்பத்திரில பத்து நாள் இருந்துட்டு வந்திருக்காங்களாம். காலுல புண்ணு பெருசாகி, சுண்டுவிரல எடுத்துட்டாங்களாம். சுகர் இருந்திருக்குங்க அந்தம்மாவுக்கு. நாலு வருஷமா இருந்திருக்கு. சொல்லியிருக்க வேண்டாமா? மகளாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, முடியாதுன்னு மொட்டையாச் சொன்னா நான் என்னன்னு எடுத்துக்கறது? இப்போ அம்மா எடத்துல அவதான் உப்பளத்துக்குப் போறா. விடியறதுக்கு முன்னாடி போயிட்டு, பன்னெண்டு மணிக்கு மேல வர்றாளாம்.

நான் கேட்டேன், "லெட்டர்ல அம்மா கைரேகை வைப்பாங்களாம்மா, ஹால் டிக்கெட்டும் நான் கையோட கொண்டாறேன்"னு. ரெண்டையும் சேத்துச் சொல்லல, ஒண்ணு சொல்லி நிறுத்திட்டு அப்பறந்தான் இன்னொண்ணு சொன்னேன். அப்பறம், "கொண்டு வாங்க மேடம். அம்மா வைக்கும். நான் வேல முடிஞ்சு ஸ்டாப்புல வந்து நிக்கேன்"னா. அவ புத்திசாலிப் பொண்ணு, புரிஞ்சுக்கிட்டா.

நீங்க பாக்கறது புரியுதுங்க. மொதல்லயே குடுத்துடலாமேன்னு. குடுக்கத்தான் போறேன். மொதல்ல ரேகை, அப்பறம் ஹால் டிக்கெட். இது நிபந்தனையெல்லாம் இல்ல, எதுக்கும் ஒரு வரிசை வேணும்ல? மொதல்ல குடுத்துட்டு, அப்பறம் அந்தம்மா மாட்டேன்னுட்டா நான் என்ன பண்றது?

இந்தப் பையில ஆப்பிளும் ஸ்வீட் பாக்ஸும் இருக்கு, அந்தம்மாவுக்குத்தான். வெறுங்கையோட போகக் கூடாதில்லையா. என்ன? சுகருக்கா? ஆமா. அத நான் யோசிக்கலீங்க. மகளாவது சாப்பிடட்டும்.

தூத்துக்குடி தாண்டிட்டோமா? அந்தா வெள்ளையாத் தெரியுதே, அது உப்பா? எவ்வளவு பெருசு. நாங்க போட்டது இத்துனூண்டு.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேங்க. ரேகை தேஞ்சவங்கன்னா சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணும்னு சொல்லிட்டாங்க. மக போடக் கூடாது. என் வீட்டுக்காரர் ஒண்ணு போட்டுட்டார். இன்னொண்ணுக்கு உங்கள மாதிரி பொதுவான ஆளு இருந்தா நல்லது. படிக்கறேன் கேளுங்க. "முள்ளக்காடு பேச்சித்தாய் ஆகிய நான், மேற்படி விழாவில் எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில் கலந்துகொண்டேன். என் காலணிகளை நானே விரும்பிக் கழற்றினேன். எனக்கு அங்கு எந்தக் குறையும் வைக்கப்படவில்லை." நீங்க நேர்ல பாக்கல, சரிதான். ஆனா நான் சொன்னதெல்லாம் முழுசாக் கேட்டீங்கல்ல? ஒண்ணாவது மறைச்சேனா?

சரிங்க. வேண்டாம்னா விடுங்க. கட்டாயம் இல்ல. நான் யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல.

பஸ் மெதுவாப் போகுது. கண்டக்டர் விசில் குடுத்துட்டார். அவதானே அது? வேப்பமரத்துக்குக் கீழ. எவ்வளவு கறுத்துப் போயிட்டா மூணு வாரத்துல. தனியாத்தான் நிக்கறா. கால்ல... பூட்ஸ். அது அந்தம்மா பூட்ஸுங்க. முட்டி வரைக்கும் உப்பு காஞ்சு வெள்ளையா இருக்கு. அளத்துலருந்து நேரா வந்துட்டா போல. அன்னிக்குக் கட்டப்பையில கொண்டாந்தாங்களே, உள்ள பேப்பர் திணிச்சு, அதே பூட்ஸ்.

ஏங்க, என் கால் மரத்துப் போச்சுங்க, இவ்வளவு நேரம் உக்காந்ததுல. எந்திரிக்க வரல.

ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றா. நீங்க கொஞ்சம் முன்னாடி சாஞ்சுக்கோங்க. இல்ல கண்டக்டர், நான் இங்க இல்ல, நான் அடுத்த ஸ்டாப். தெரியுங்க, முள்ளக்காடுன்னுதான் சொன்னேன். பழையகாயல்ல எறங்கி ஆட்டோ புடிச்சு வந்துக்கறேன், நீங்க விசில் குடுங்க. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, என்ன பேசறதுன்னு யோசிச்சுட்டு வந்துக்கறேன். எங்க போயிரப் போறா, அங்கதான் நிப்பா.

கவரா? இருக்குங்க. மடங்கல. இத்தன தூரம் பத்திரமாத்தான் கொண்டாந்திருக்கேன்.